பிரஷருக்கு எந்த மாத்திரை? வகைகளை எடைபோட்டுப் பார்ப்போம்

மூன்று பேருக்கும் ஒரே வயது, ஒரே 160/100. ஒருவருக்கு அம்லோடிபின், அடுத்தவருக்கு டெல்மிசார்டான், மூன்றாவது ஆளுக்கு நீர் பிரிய வைக்கும் மாத்திரை. எழுதிக் கொடுத்தது ஒரே டாக்டர்தான் என்றாலும் இப்படி வேறுபடுவது சகஜம். மாத்திரைப் பட்டைகளை ஒப்பிட்டுப் பார்த்ததும், ‘அவருக்குப் புதுசு, எனக்கு மட்டும் பழசா?’ என்ற மனக்குறை கிளம்பிவிடும். இந்த விஷயத்தில் பழசு, புதுசு என்பதற்குப் பெரிய மதிப்பில்லை. எது அதிகமாக இறக்கும் என்ற போட்டியிலும் வகைகளுக்குள் வித்தியாசம் குறைவு. பிரஷரைத் தவிர உடம்பில் வேறு என்ன இருக்கிறது, எந்தத் தொந்தரவை உங்களால் பொறுத்துக்கொள்ள முடியும் என்ற இரண்டையும் வைத்துத்தான் பெரும்பாலும் தேர்வு நடக்கிறது.

இதை வெறும் அபிப்பிராயமாகச் சொல்லவில்லை. 2003-ல் 354 ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றாகத் திரட்டிக் கணக்குப் போட்டார்கள். ஐந்து முக்கிய வகைகளில் எதை எடுத்தாலும், வழக்கமான அளவில் மேல் எண் சராசரியாக 9 புள்ளியும் கீழ் எண் சுமார் 5.5 புள்ளியும் இறங்கியது. வகைக்கு வகை கொஞ்சம் முன்பின், அவ்வளவுதான்.

சரி, எண் இறங்கினால் போதுமா, மாரடைப்பும் பக்கவாதமும் குறைய வேண்டாமா? அதற்கு ‘ஆல்ஹாட்’ என்ற பெரிய ஆய்வைப் பார்க்க வேண்டும். 55 வயதும் அதற்கு மேலும் ஆன 33 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களைப் பிரித்து, சிலருக்குக் குளோர்தாலிடோன் என்ற நீர் மாத்திரை, சிலருக்கு அம்லோடிபின், சிலருக்கு லிசினோப்ரில் கொடுத்து, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கவனித்தார்கள். 2002 டிசம்பரில் முடிவு வந்தது. மாரடைப்பிலும் இதய நோய் மரணத்திலும் மூன்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மூன்றில் மிகப் பழையதான நீர் மாத்திரை எதிலும் பின்தங்கவில்லை. இதயச் செயலிழப்பைத் (இதயம் தளர்ந்து போதுமான ரத்தத்தை இறைக்க முடியாமல் போவதை) தடுப்பதில் அம்லோடிபினைவிட அதுவே முன்னால் நின்றது. இதே ஆய்வில் நான்காவதாக டாக்சசோசின் என்ற மருந்தும் இருந்தது. அதை எடுத்தவர்களுக்கு இதயச் செயலிழப்பு ஏறத்தாழ இரு மடங்கு வந்ததால் அந்தப் பிரிவை 2000-லேயே நிறுத்திவிட்டார்கள். அழுத்தத்தை இறக்குகிற எல்லா மருந்தும் இதயத்தை ஒரே மாதிரி காப்பாற்றுவதில்லை என்பதற்கு அது ஓர் அத்தாட்சி. ஆனால் இன்று முதலில் எழுதப்படும் நான்கு வகைகளுக்குள் (அம்லோடிபின் போன்ற கால்சியம் தடுப்பான், பெயர் ‘பிரில்’ என்று முடிபவை, ‘சார்டான்’ என்று முடிபவை, நீர் மாத்திரை) அப்படிப்பட்ட பெரிய பள்ளம் எதுவும் இல்லை.

இறக்குவதில் கிடைக்கும் பலன் எவ்வளவு? மேல் எண்ணில் 10 புள்ளி குறைந்தால் பக்கவாதம் சுமார் 27 சதவீதம், இதயச் செயலிழப்பு 28 சதவீதம், எல்லாக் காரணங்களாலும் நேரும் மரணம் 13 சதவீதம் குறைவதாக 2016-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது. இத்தனை பலனும் மாத்திரையைத் தினமும் போட்டால்தான். ஒரு மாத்திரை தரும் தொந்தரவு பிடிக்காமல் வாரத்தில் மூன்று நாள் விட்டுவிடுகிறவருக்கு, அது எவ்வளவு உயர்ந்த மருந்தாக இருந்தும் பயனில்லை. ஆகவே பக்க விளைவைப் பற்றி நிறையப் பேசப் போகிறேன்.

அம்லோடிபின்: எளிய மருந்து, வீங்கும் கால்

இதைக் கால்சியம் தடுப்பான் என்பார்கள். ரத்தக் குழாய்ச் சுவரில் உள்ள தசைக்குள் கால்சியம் நுழைவதைக் குறைக்கிறது. தசை தளர்கிறது, குழாய் விரிகிறது, அழுத்தம் இறங்குகிறது. உடம்பில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும் என்பதால் ஒரு நாள் மறந்தாலும் அழுத்தம் சட்டென்று எகிறாது. ஆரம்பித்த பிறகு பொட்டாசியம், கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் அளவு) என்று அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. வயதானவர்களிடம், குறிப்பாக மேல் எண் மட்டும் ஏறியிருப்பவர்களிடம், நன்றாக வேலை செய்கிறது. மூட்டு வலிக்கு அடிக்கடி வலி மாத்திரை போடுகிறவர்களுக்கும் இதன் பலன் அவ்வளவாகக் கெடாது. மற்ற வகைகளின் பலனை அந்த வலி மாத்திரைகள் கணிசமாகக் குறைத்துவிடும்.

குறை கணுக்காலில் தெரியும். மாலையில் சாக்ஸைக் கழற்றினால் அதன் விளிம்பு பதிந்து ஆழமாக ஒரு கோடு. கணுக்கால் எலும்புக்கு மேலே கட்டை விரலால் அழுத்தி எடுத்தால் குழி விழுந்து, மெதுவாக நிரம்பும். காலையில் எழுந்தால் பெரும்பாலும் வற்றியிருக்கும். நாள் முழுக்க நின்று வேலை பார்த்தால் மறுபடி வரும். 5 மில்லிகிராமில் நூற்றுக்கு மூன்று பேருக்கும் 10 மில்லிகிராமில் பத்தில் ஒருவருக்கும் என்ற அளவில் இது வருகிறது. பெண்களுக்குக் கூடுதல்.

காலில் வீக்கத்தைப் பார்த்ததும் கிட்னி போய்விட்டது என்று பயந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் விஷயம் வேறு. இந்த மருந்து தமனிப் பக்கத்துச் சிறு குழாய்களை விரிக்கிறது, ஆனால் சிரைப் பக்கத்தை அந்த அளவுக்கு விரிப்பதில்லை. வருகிற வழி அகலமாகி, போகிற வழி அப்படியே இருப்பதால் நடுவில் உள்ள நுண்குழாய்களில் அழுத்தம் கூடி நீர் வெளியே கசிகிறது. உடம்பில் நீர் அதிகமாகித் தேங்குவதால் வரும் வீக்கம் இதுவல்ல என்பதால் நீர் மாத்திரைக்கு அது சரியாகக் கட்டுப்படாது. அப்படியும் வீக்கத்துக்கென்று ஃபுரோசமைடு என்ற நீர் மாத்திரை எழுதி, அது பொட்டாசியத்தை இறக்க, அதற்கு ஒரு சிரப் என்று சீட்டு நீண்டுகொண்டே போவதுண்டு. ஒரு மருந்தின் விளைவுக்கு இன்னொரு மருந்து என்று போகும் இந்தச் சங்கிலியை முதல் கண்ணியிலேயே வெட்டுவது நல்லது. அளவைப் பாதியாக்கலாம். அல்லது பிரில், சார்டான் வகையில் ஒன்றைச் சேர்க்கலாம். அவை சிரைப் பக்கத்தையும் திறப்பதால் வீக்கம் குறைகிறது. சில்னிடிபின் என்ற இன்னொரு கால்சியம் தடுப்பானுக்கு மாற்றினாலும் பலருக்கு வீக்கம் வடிகிறது, ஆனால் மாரடைப்பு, பக்கவாதம் வரை பார்த்த பெரிய ஆய்வுகள் அம்லோடிபினுக்கு இருப்பது போல அதற்கு இல்லை.

ஏற்கெனவே சிரை சுருண்ட கால், நாள் முழுக்க நிற்கும் வேலை என்றால் இதை முதல் மருந்தாக்க நான் தயங்குவேன். மற்றபடி தொல்லை குறைந்த மருந்து இதுதான் என்பது என் கணிப்பு. ஈறு தடிப்பது, முகம் சிவந்து சூடாவது போன்றவை சிலருக்கு மட்டும்.

டில்டியாசம், வெராபமில் இரண்டும் இதே குடும்பம் என்றாலும் குணம் வேறு. அவை இதயத் துடிப்பையும் மெதுவாக்கும். வெராபமிலில் மலச்சிக்கல் சகஜம். துடிப்பைக் குறைக்கும் இன்னொரு வகையான பீட்டா தடுப்பானோடு சேர்த்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். இதயம் பலவீனமானவர்களுக்கு ஆகாது.

பிரில், சார்டான்: அண்ணன் தம்பி

எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில், பெரிண்டோப்ரில் ஒரு பக்கம். லோசார்டான், டெல்மிசார்டான், வல்சார்டான், ஓல்மசார்டான் மறு பக்கம். உடம்பில் ஆஞ்சியோடென்சின் என்ற ஒரு பொருள் உருவாகி ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, உப்பைப் பிடித்து வைக்கச் சொல்கிறது. அதை ஒரு சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரில் வகை, சாவி செய்யும் பட்டறையையே மூடிவிடுகிறது. சார்டான் வகை, சாவி நுழைய முடியாதபடி பூட்டில் ஒரு குச்சியைச் செருகி வைக்கிறது.

பிரில் வகையின் மூலம் ஒரு பாம்பு. பிரேசிலின் ஜராராக்கா விரியன் கடித்தால் ரத்த அழுத்தம் விழுந்துவிடும். அந்த விஷத்தை ஆராய்ந்த வழியில்தான் கேப்டோப்ரில் பிறந்து 1981-ல் சந்தைக்கு வந்தது. லோசார்டான் 1995-ல் வந்தது.

பட்டறையை மூடும்போது ஒரு பக்க வேலையும் நின்றுபோகிறது. பிராடிகைனின் என்ற பொருளை உடைக்கிற நொதியும் அதுவேதான். பிராடிகைனின் தேங்கினால் தொண்டையில் இருமல் கிளம்பும். சளி இல்லை, காய்ச்சல் இல்லை. தொண்டைக்குள் மயிரிழை ஒன்று உரசுவது போல அரிப்பு, அப்புறம் அடுக்கடுக்காக வறட்டு இருமல். படுத்தால் கூடும். சுமார் பத்தில் ஒருவருக்கு வருகிறது, கிழக்காசிய மக்களுக்கு இன்னும் அதிகம். மாத்திரை ஆரம்பித்துச் சில மாதங்கள் கழித்துக்கூட வரலாம் என்பதால் யாரும் மாத்திரையைச் சந்தேகிப்பதில்லை. இருமல் மருந்து, அலர்ஜி மாத்திரை, நெஞ்சுப் படம் என்று ஒரு சுற்று போய் வந்த பிறகுதான் உண்மை தெரியும். நிறுத்தினால் பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு வாரத்தில் அடங்கும், சிலருக்கு மூன்று மாதம் வரை இழுக்கும். சார்டானுக்கு மாறினால் இந்தத் தொந்தரவு அநேகமாக இருக்காது.

இருமலைவிட அரிதானது, ஆனால் ஆபத்தானது, உதடும் நாக்கும் திடீரென்று வீங்குவது. நூற்றில் ஒருவருக்கும் குறைவு. ஆப்பிரிக்க வம்சாவளியினருக்குக் கூடுதல். மூச்சுக் குழாயை அடைத்துவிடும் என்பதால் அப்படி வீங்கினால் நேராக அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டியதுதான். அதன் பிறகு பிரில் வகையை வாழ்நாளில் தொடக் கூடாது.

அப்படியானால் எல்லோருக்கும் சார்டானே கொடுத்துவிடலாமே? கிட்டத்தட்ட ஆம் என்பேன். 2008-ல் முடிந்த ‘ஆன்டார்கெட்’ ஆய்வில் 25 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களிடம் டெல்மிசார்டானையும் ராமிப்ரிலையும் நேருக்கு நேர் பார்த்தார்கள். இதயத்தைக் காப்பதில் இரண்டும் சமம், இருமல் டெல்மிசார்டானில் குறைவு. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தவர்களுக்குக் கூடுதல் பலன் எதுவும் இல்லை, சிறுநீரகத்துக்குத்தான் கேடு அதிகமானது. ஆகவே ஒரே சீட்டில் பிரிலும் சார்டானும் இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள். ராமிப்ரில் போட்டு இருமலும் இல்லாமல் நன்றாக இருப்பவர் மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. மாரடைப்புக்குப் பின் இதயத் தசை தளர்ந்தவர்களுக்குப் பிரில் பக்கம் நீண்ட காலச் சான்று இருக்கிறது.

இந்த இரு வகைகளும் மற்றவற்றைவிடத் தெளிவாக முந்துவது சிறுநீரில் புரதம் போகிறவர்களிடம். சர்க்கரை நோயால் சிறுநீரகம் பாதிக்கத் தொடங்கியவர்களுக்கு அது கெட்டுப்போகும் வேகத்தைச் சார்டான்கள் குறைப்பதை 2001-ல் வந்த ஆய்வுகள் காட்டின. அம்லோடிபினும் அதே அளவு அழுத்தத்தை இறக்கும், ஆனால் புரதக் கசிவை அப்படிக் குறைக்காது.

பதிலுக்கு இவை கேட்பது ரத்தப் பரிசோதனை. ஆரம்பித்த ஒன்றிரண்டு வாரத்தில் பொட்டாசியமும் கிரியேட்டினினும் பார்க்க வேண்டும். கிரியேட்டினின் லேசாக ஏறுவது எதிர்பார்த்ததே. பழைய அளவைவிட 30 சதவீதத்துக்குள் ஏறி அங்கேயே நின்றால் வழக்கமாக மருந்தைத் தொடர்வார்கள். அறிக்கையில் எண் ஏறியதைப் பார்த்து, ‘கிட்னியைக் கெடுக்கிற மாத்திரை’ என்று தாங்களாகவே நிறுத்திவிடுகிறவர்கள், அந்தக் கிட்னியைக் காப்பாற்ற வந்த மருந்தைத்தான் தூக்கிப் போடுகிறார்கள்.

பொட்டாசியம் ஏறுவதுதான் மெய்யான கவலை. சோடியம் குறைந்த மாற்று உப்புகளில் பலவற்றில் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது. உடம்புக்கு நல்லது என்று நினைத்து அதைத் தாராளமாகப் போடுகிறவர் சார்டானும் எடுத்தால், அதுவும் சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருந்தால், பொட்டாசியம் ஆபத்தான அளவுக்குப் போகலாம். இன்னொன்று வலி மாத்திரை. பிரில் அல்லது சார்டான், கூடவே நீர் மாத்திரை, அதற்கு மேல் ஐபூபுரோஃபென் அல்லது டைக்ளோஃபினாக் என்று மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு மூன்று பக்கமும் அடி. வாந்தி, வயிற்றுப்போக்கால் உடம்பு வற்றும் நாட்களில் இவற்றைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்பதை முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பத்தில் இவை இரண்டும் கூடவே கூடாது. குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். குழந்தை பெறும் எண்ணம் இருக்கிறவர்கள் அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கென்று லேபெடலால், நிஃபெடிபின், மெத்தில்டோப்பா இருக்கின்றன.

நீர் மாத்திரை: கவனிக்க மறந்த பழைய ஆள்

1958-ல் குளோரோதயசைடு வந்தபோதுதான் பிரஷருக்கு, நோயாளியால் நிம்மதியாக விழுங்க முடிந்த ஒரு மருந்து கிடைத்தது. அந்த வழியில் வந்தவைதான் ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், இன்டபமைடு. ‘தினமும் பாத்ரூமுக்கும் வீட்டுக்குமாக அலைய வேண்டுமே’ என்று பயந்தே பலர் மறுத்துவிடுகிறார்கள். முதல் சில நாட்களில் சிறுநீர் அதிகம் போவது உண்மை. பிறகு அது ஓரளவு பழைய நிலைக்கு வந்துவிடும், ஆனாலும் அழுத்தம் இறங்கியே இருக்கும், ஏனென்றால் நாளடைவில் குழாய்களும் தளர்கின்றன. காலையில் போட்டால் இரவுத் தூக்கம் கெடாது. ஃபுரோசமைடோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது உடம்பில் தேங்கிய நீரை வேகமாக இறக்க வந்தது. சிறுநீரகம் ஓரளவு நன்றாக இருப்பவரின் சாதாரண பிரஷருக்கு அது தோதானதல்ல.

இந்த வகைக்குள்ளேயே ஒரு நெடுநாள் சண்டை உண்டு. குளோர்தாலிடோன் உடம்பில் இரண்டு நாள் நிற்கும், ஹைட்ரோகுளோரோதயசைடு ஒரு நாள் முழுக்க நிற்பதே கஷ்டம். ஆகவே முதலாவதுதான் மேல் என்று வெகு காலம் சொல்லிவந்தார்கள். 2022-ல் 13 ஆயிரத்துக்கும் அதிகமான முதியவர்களிடம் இரண்டையும் ஒப்பிட்டபோது மாரடைப்பு, பக்கவாத எண்ணிக்கையில் வித்தியாசம் வரவில்லை, பொட்டாசியம் குறைவது குளோர்தாலிடோனில் கொஞ்சம் அதிகமாக இருந்தது. ஒன்றில் நன்றாக இருக்கிறவரை இன்னொன்றுக்கு மாற்ற இனி காரணம் இல்லை. ஹைட்ரோகுளோரோதயசைடைப் பல ஆண்டுகள் தொடர்ந்தால் சில வகைத் தோல் புற்றுநோய்க்கு வாய்ப்பு கூடுவதாக 2018-லிருந்து எச்சரிக்கை இருக்கிறது. வெளிர்ந்த தோல் உள்ளவர்களும் வெயிலில் வேலை செய்கிறவர்களும் தோலில் புதிதாக ஏதாவது முளைத்தால் காட்ட வேண்டும்.

இன்டபமைடுக்குத் தனிப் பெருமை ஒன்று உண்டு. 80 வயதைத் தாண்டியவர்களுக்கு பிரஷர் மருந்து தேவையா என்ற வாதம் நீண்ட காலம் ஓடியது. 2008-ல் வந்த ‘ஹைவெட்’ ஆய்வில், இன்டபமைடும் தேவைப்பட்டால் பெரிண்டோப்ரிலும் எடுத்த 80 வயதுக்காரர்களிடம் மரணம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அதோடு அந்த வாதம் ஏறக்குறைய முடிந்தது.

குறைகள்: பொட்டாசியம் இறங்கும், யூரிக் அமிலம் ஏறும், சர்க்கரை கொஞ்சம் கூடலாம். அளவு கூடக்கூட இவை கூடும், ஆனால் அழுத்தம் இறங்குவது அந்த அளவுக்குக் கூடாது. ஆகவே சிறிய அளவே புத்திசாலித்தனம். கால் கட்டை விரல் மூட்டு நள்ளிரவில் சிவந்து வீங்கும் கவுட் வந்தவர்களுக்கு இது வேண்டாம். அவர்களுக்கு லோசார்டான் பொருத்தம், அது யூரிக் அமிலத்தைச் சற்றுக் குறைக்கவும் செய்கிறது. நீர் மாத்திரையில் நான் மிகவும் பயப்படுவது சோடியம் விழுவதற்கு. முக்கியமாக ஒல்லியான வயதான பெண்களுக்கு, ஆரம்பித்த முதல் சில வாரங்களில். சோர்வு, நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழப்பம் வந்தால், ‘வயதாகிவிட்டது’ என்று விடாமல் சோடியம் பார்க்க வேண்டும். நன்மைப் பக்கத்தில் ஒன்று: சிறுநீரில் கால்சியம் வீணாவதை இது குறைக்கிறது. எலும்பு தேய்ந்தவர்களுக்கும் கால்சியக் கல் திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கும் அது ஒரு கொசுறு.

பீட்டா தடுப்பான் ஏன் முதல் வரிசையிலிருந்து இறங்கியது

அடினோலால், மெட்டோபுரோலால், பைசோபுரோலால், நெபிவலால். ஒரு காலத்தில் பிரஷர் என்றாலே அடினோலால்தான். 2002-ல் வந்த ‘லைஃப்’ ஆய்வில், 9 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களிடம் அடினோலாலும் லோசார்டானும் ஏறத்தாழ ஒரே அளவுக்கு அழுத்தத்தை இறக்கின, ஆனால் லோசார்டான் எடுத்தவர்களுக்குப் பக்கவாதம் 25 சதவீதம் குறைவு. அதற்குப் பின் பல நாட்டு வழிகாட்டிகளும் இந்த வகையை வேறு காரணம் இருந்தால் மட்டுமே என்ற இடத்துக்கு நகர்த்தின. அந்தக் காரணங்கள் வலுவானவை: நெஞ்சு வலி, மாரடைப்பு வந்துபோனது, இதயச் செயலிழப்பு, துடிப்பு தாறுமாறாவது, அடிக்கடி வரும் ஒற்றைத் தலைவலி. இவை இருந்தால் ஒரே மாத்திரையில் இரண்டு வேலை நடக்கும். ஆஸ்துமா இருந்தால் பெரும்பாலும் தவிர்ப்பார்கள். சோர்வு, கை கால் சில்லிடுவது, ஆண்மைக் குறைவு என்ற புகார்கள் உண்டு. இன்சுலின் போடுகிறவர்களுக்குச் சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இது மறைத்துவிடும், வியர்ப்பது மட்டும் தெரியும். நின்ற இடத்தில் நிறுத்தவே கூடாத மாத்திரை இது. திடீரென்று விட்டால் நெஞ்சு வலியும் மாரடைப்பும்கூட வரலாம்.

மிச்சமிருப்பவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மூன்று மருந்து முழு அளவில் போட்டும் இறங்காதவர்களுக்கு நான்காவதாக எதைச் சேர்ப்பது என்று 2015-ல் பார்த்தபோது ஸ்பைரோனோலாக்டோன் மற்றவற்றைத் தெளிவாக முந்தியது. பொட்டாசியம் ஏறுவதும் ஆண்களுக்கு மார்பு வலித்து வீங்குவதும் அதன் விலை. டாக்சசோசின், பிரசோசின் வகை புராஸ்டேட் தொல்லை உள்ளவருக்குக் கூடுதல் மருந்தாக உதவும், முதல் மாத்திரைக்குப் பின் எழுந்து நின்றால் தலை சுற்றும். குளோனிடின் என்ற இன்னொரு பிரஷர் மருந்தைத் திடீரென்று விட்டால் அழுத்தம் பழைய அளவையும் தாண்டி எகிறும்.

ஒன்றைக் கூட்டுவதா, இரண்டைச் சேர்ப்பதா

ஒரு மாத்திரையில் அழுத்தம் போதுமான அளவு இறங்கவில்லை. அம்லோடிபின் 5-ஐ 10 ஆக்கலாம், அல்லது 5-லேயே வைத்து டெல்மிசார்டான் சேர்க்கலாம். ‘ரெண்டு மாத்திரையா? அவ்வளவு முற்றிவிட்டதா?’ என்று கேட்டு முதலாவதையே பலர் விரும்புகிறார்கள். கணக்கு நேர்மாறாக இருக்கிறது. பாதி அளவிலேயே ஒரு மருந்து தன் முழு வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடுகிறது, ஆனால் பக்க விளைவு அளவோடு சேர்ந்து ஏறுகிறது. அளவை இரட்டிப்பாக்குவதைவிட வேறு வகையில் ஒன்றைச் சேர்ப்பது சுமார் ஐந்து மடங்கு கூடுதலாக இறக்குகிறது என்று 2009-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது. அம்லோடிபினோடு சார்டான் சேர்ந்தால் கால் வீக்கம் குறைகிறது. நீர் மாத்திரையோடு சார்டான் சேர்ந்தால் ஒன்று பொட்டாசியத்தை இறக்க, மற்றது ஏற்ற, இரண்டும் சமன்படுகின்றன.

இந்த ஜோடிகளுக்குள் எது மேல்? 2008-ல் ‘அக்கம்ப்ளிஷ்’ ஆய்வில் 11 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களிடம் பெனாசப்ரிலோடு அம்லோடிபினையும், பெனாசப்ரிலோடு ஹைட்ரோகுளோரோதயசைடையும் ஒப்பிட்டார்கள். அம்லோடிபின் ஜோடியில் இதயப் பாதிப்புகள் சுமார் 20 சதவீதம் குறைவு. ஆகவே வேறு தடை இல்லையென்றால் அந்த ஜோடிக்கே என் ஓட்டு. உடம்பில் நீர் தேங்கும் போக்கு இருப்பவருக்கும் இதயச் செயலிழப்புக்கு வாய்ப்பு உள்ளவருக்கும் நீர் மாத்திரை ஜோடி.

இரண்டும் ஒரே வில்லையில் வருவதையே உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டியும் விரும்புகிறது. எண்ணிக்கை குறைந்தால் மறப்பதும் குறையும். ஒரு சங்கடம்: தொந்தரவு வந்தால் எதனால் என்று கண்டுபிடிக்கவும், ஒன்றை மட்டும் கூட்டிக் குறைக்கவும் கஷ்டம். தலைசுற்றி விழக்கூடிய முதியவருக்கு முதலில் தனித்தனியாக ஆரம்பித்து, அளவு நிலைத்த பிறகு ஒரே வில்லைக்கு மாறுவது நல்லது.

யாருக்கு எது

45 வயது, சர்க்கரை நோய், சிறுநீரில் புரதம்: சார்டான், யோசிக்க வேண்டியதே இல்லை. 72 வயது, 175/70, வேறு நோய் இல்லை: அம்லோடிபின் அல்லது இன்டபமைடு. பிரிட்டனின் வழிகாட்டி இந்தக் கோட்டை 55 வயதில் போடுகிறது. சர்க்கரை நோய் இல்லாதவர்களில் அதற்குக் கீழே இருப்பவர்களுக்குப் பிரில் அல்லது சார்டான், மேலே இருப்பவர்களுக்கும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு எந்த வயதிலும் கால்சியம் தடுப்பான். மூட்டுத் தேய்மானத்துக்குத் தினமும் வலி மாத்திரை போட்டே ஆக வேண்டியவர்: அம்லோடிபின். நெடுந்தூரம் வண்டி ஓட்டுகிறவர், நினைத்த இடத்தில் நிறுத்த முடியாதவர்: நீர் மாத்திரை முதல் தேர்வாக வேண்டாம். மேடைப் பாடகர், ஆசிரியர் என்று குரலை நம்பிப் பிழைக்கிறவர்: பிரிலைவிட்டு நேராகச் சார்டானுக்கே போகலாம், பத்தில் ஒரு பங்கு இருமலை எதற்கு விலைக்கு வாங்க வேண்டும்? மனநோய்க்கு லித்தியம் எடுக்கிறவர்: நீர் மாத்திரையும் பிரில், சார்டான் வகைகளும் லித்தியத்தை ரத்தத்தில் ஏற்றிவிடும், அதைச் சொல்லாமல் எதையும் ஆரம்பிக்கக் கூடாது.

மாத்திரை வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டும் முன் நாலு வாரம் கொடுங்கள், அளக்கும் முறையையும் பாருங்கள். அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபியோ புகையோ கூடாது. முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கையை இதய மட்டத்தில் வைத்து அளக்க வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் எண் பொய்யாக ஏறும். வீட்டில் அளக்கும்போது சராசரி 135/85-க்கு மேல் இருந்தால்தான் அதிகம் என்று கொள்வார்கள். மூக்கடைப்புக்கு விழுங்கும் சில மாத்திரைகளும் வலி மாத்திரைகளும் அழுத்தத்தை ஏற்றும். அவற்றை விட்டதும் இறங்கிவிட்டால் புது மருந்துக்கே வேலையில்லை. காலையில் போடுவதா, இரவிலா என்ற கேள்விக்கு 2022-ல் 21 ஆயிரம் பேரிடம் நடந்த ‘டைம்’ ஆய்வு பதில் சொல்லிவிட்டது: பலனில் வித்தியாசம் இல்லை, மறக்காத நேரம் எதுவோ அதுவே நேரம்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது ஒரு வார வீட்டு அளவுகள், கடைசியாக எடுத்த பொட்டாசியம், சோடியம், கிரியேட்டினின், யூரிக் அமிலம், சிறுநீர்ப் புரதம், நீங்களாக வாங்கிப் போடும் எல்லா மாத்திரைகளின் பட்டைகள் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். கால் வீங்குகிறது, இருமல் வருகிறது, தாம்பத்தியத்தில் சிக்கல் என்று எதுவானாலும் வாய் திறந்து சொல்லுங்கள். ஒரு வகை ஒத்துக்கொள்ளாவிட்டால் மாற்ற இன்னும் மூன்று வகை இருக்கிறது. சொல்லாமல் விட்டால், அழுத்தம் இறங்கவில்லை என்று டாக்டர் நினைத்து, நீங்கள் போடாமல் வைத்திருக்கும் அதே மாத்திரையின் அளவைத்தான் கூட்டி எழுதுவார்.